சாமையைப் பற்றி யாரிடம் பேசுகிறோம்?

கொல்லிமலையில் சாமையும் தினையும் கேழ்வரகும் விளைந்த மேட்டு நிலங்களில் இன்று பெரும்பாலும் குச்சிக்கிழங்குதான், அதாவது மரவள்ளிதான், நிற்கிறது. நாமக்கல் மாவட்டத்தில் ஆயிரம் மீட்டருக்கும் மேலே இருக்கும் இந்த மலைக்கு ஏற, காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடக்க வேண்டும். அதே பாதையில் இறங்கும் கிழங்கு மூட்டைகள் சேலம், நாமக்கல் வட்டாரத்து ஜவ்வரிசி, ஸ்டார்ச் ஆலைகளுக்குப் போகின்றன. கிழங்கு விற்றால் கையில் காசு. சாமை விளைந்தால் வீட்டுக்குச் சோறு. பிள்ளைகளின் படிப்புக்கும் வைத்தியத்துக்கும் காசு தேவைப்பட்டது. ரேஷன் கடையில் அரிசியும் கிடைத்தது. அந்த நிலையில் மலைக்காரர்கள் கிழங்கின் பக்கம் சாய்ந்ததில் புரியாதது எதுவும் இல்லை.

ஆனாலும் சிறுதானியம் குறைந்தது நல்லதல்ல என்று அறிவியல் சொல்வதற்குக் காரணங்கள் இருக்கின்றன. சாமை குறைந்த மழையிலும் மெலிந்த மண்ணிலும் வரும். நார்ச்சத்து அதிகம். ஒரே பயிரை மலை முழுக்க நட்டால், ஒரே ஒரு பூச்சி வந்தாலும் எல்லோரும் சேர்ந்து விழுவோம். நூற்றாண்டுகளாகத் தேர்ந்தெடுத்து வைத்த ரகங்கள், விதைப்பார் இல்லாமல் போனால் திரும்பி வராது. இவ்வளவும் உண்மை. இந்த உண்மைகளை யாரிடம், எப்படிச் சொல்வது என்பதுதான் இந்தக் கட்டுரையின் விஷயம். கொல்லிமலையில் அது முப்பது ஆண்டுகளாக நடந்துவரும் வேலை. அறிவியலை மக்களிடம் கொண்டுபோக விரும்பும் எவரும் அதிலிருந்து கற்கலாம்.

அறிவியலைச் சொல்லக் கற்றுக்கொள்கிறவருக்குப் பொதுவாகக் கிடைக்கும் அறிவுரை, 'எளிமையாகச் சொல்' என்பது. கடினமான சொல்லை நீக்கு, வாக்கியத்தைச் சுருக்கு, படம் போடு. தப்பில்லை. ஆனால் அது இரண்டாவது வேலை. முதல் வேலை, கேட்பவர் இந்தச் செய்தியை வைத்துக்கொண்டு என்ன முடிவு எடுக்கப்போகிறார் என்று தெரிந்துகொள்வது. மலையில் சாமை விதைக்கும் பெண்ணுக்கு ஒரு முடிவு இருக்கிறது. சேலத்துக் கடையில் சாமை அரிசி வாங்குகிறவருக்கு வேறு முடிவு. மாவட்ட அலுவலகத்தில் கோப்பில் கையெழுத்திடுகிறவருக்கு மற்றொன்று. மூவரிடமும் ஒரே துண்டுப் பிரசுரத்தைக் கொடுத்தால் மூவருக்கும் அது பயன்படாது.

கொல்லிமலையின் குடிகள் மலையாளிப் பழங்குடியினர். பெயரைப் பார்த்துக் கேரளம் என்று நினைக்க வேண்டாம்; மலையை ஆளுகிறவர்கள், பேசுவது தமிழ். இவர்களிடம் போய் 'சாமை சத்தானது' என்று சொல்வதில் ஒரு சங்கடம் உண்டு. அவர்களுக்கு அது தெரியும். நம்மைவிட நன்றாகவே தெரியும். சாமையில் மட்டும் கட்டவெட்டிச் சாமை, பெருஞ்சாமை, வெள்ளைப் பெருஞ்சாமை, சடஞ்சாமை, திரிகுலச் சாமை என்று பிரித்து அறிந்தவர்கள். கேழ்வரகில் சுண்டாங்கி, அரிசிக் கேழ்வரகு, காரக் கேழ்வரகு, கருமுழியன், சாட்டைக் கேழ்வரகு என்று வரிசையாகச் சொல்வார்கள். எது சீக்கிரம் வரும், எது காற்றில் சாயும், எது மாட்டுக்குத் தாள் தரும் என்று வாயில் வைத்திருப்பவர்களிடம் 'விழிப்புணர்வு' ஊட்டப் போகிறவர், முதல் வாக்கியத்திலேயே தோற்கிறார்.

மக்கள் ஒன்றைச் செய்யாததற்குக் காரணம் அவர்களுக்கு அது தெரியாததுதான், தெரியவைத்தால் செய்துவிடுவார்கள் என்ற நம்பிக்கைக்கு அறிவியல் தொடர்பியல் துறையில் 'குறைபாட்டு மாதிரி' என்று பெயர். மக்களின் தலையை நிரப்ப வேண்டிய காலிப் பாத்திரமாகப் பார்ப்பது. அதன் தோல்விக்கு உலகம் அறிந்த பாடம் ஒன்று இருக்கிறது, அதுவும் ஒரு மலைநாட்டிலிருந்துதான்.

1986 ஏப்ரலில் செர்னோபில் அணு உலை வெடித்தது. கதிரியக்க சீசியம் காற்றில் போய் மழையோடு இங்கிலாந்தின் கம்ப்ரியா மலைகளில் இறங்கியது. அங்கே ஆடு மேய்ப்பதுதான் பிழைப்பு. ஆடுகளை விற்க ஜூனில் அரசு தடை போட்டது. மூன்று வாரத்தில் சரியாகிவிடும் என்று விஞ்ஞானிகள் சொன்னார்கள். களிமண் நிலத்தில் சீசியம் மண்ணோடு ஒட்டிக்கொண்டு செடிக்குள் போகாது என்பது அவர்கள் கணக்கு. ஆனால் அந்த மலை மண் அமிலத்தன்மை கொண்ட மக்கு மண். அதில் சீசியம் ஒட்டவில்லை; புல்லுக்குள் ஏறி, ஆட்டுக்குள் போய், எச்சத்தில் விழுந்து மறுபடி புல்லுக்கே வந்தது. மூன்று வாரம் என்றது ஆண்டுகளாக நீண்டது. கடைசிக் கட்டுப்பாடுகள் நீங்கியது 2012ல். இடையில், சீசியத்தைப் பிடித்துவைக்கும் களிமண் பொடியை நிலத்தில் தூவிச் சோதிக்க, ஆடுகளை வேலிக்குள் அடைத்தார்கள். திறந்த மலையில் மேய்ந்து பழகிய ஆடு வேலிக்குள் இளைத்துப் போகும் என்று மேய்ப்பவர்கள் முன்கூட்டியே சொன்னார்கள். யாரும் காதில் வாங்கவில்லை. ஆடுகள் இளைத்தன, சோதனை கைவிடப்பட்டது. பிரையன் வின் என்ற சமூகவியலாளர் இதை ஆராய்ந்து எழுதியது அந்தத் துறையின் அடிப்படைப் பாடங்களில் ஒன்றாக இருக்கிறது. மேய்ப்பவர்களுக்கு அணு இயற்பியல் தெரியாது என்பது அங்கே பிரச்சினையாகவே இல்லை. விஞ்ஞானிகளுக்கு அந்த மலை தெரியவில்லை. தெரிந்தவர்களிடம் கேட்கவும் இல்லை.

கொல்லிமலையில் நடந்தது இதற்கு நேர் எதிர். எம்.எஸ். சுவாமிநாதன் 1988ல் சென்னையில் தொடங்கிய ஆராய்ச்சி நிறுவனம் 1990களிலிருந்து இந்த மலையில் சிறுதானியங்களுக்காக வேலை செய்கிறது. 2001ல் சர்வதேச வேளாண் மேம்பாட்டு நிதியத்தின் உதவியோடு, கவனிக்கப்படாத பயிர்களுக்கான ஒரு பன்னாட்டுத் திட்டம் தொடங்கியபோது கொல்லிமலை அதன் களங்களில் ஒன்றானது. ஏன் சாமையை விட்டீர்கள் என்ற கேள்விக்கு வந்த பதில்களில் விலை இருந்தது, சந்தை இருந்தது. இவற்றோடு அழுத்தமாக வந்த ஒன்று, சத்து அட்டவணை எதிலும் இல்லாதது: குத்துவது.

இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். நெல்லின் உமி இரண்டு ஓடுகளாகச் சேர்ந்திருக்கும். வெவ்வேறு வேகத்தில் சுழலும் இரண்டு ரப்பர் உருளைகளுக்கு நடுவே விட்டால் தேய்ந்து கழன்றுவிடும். அதனால்தான் ஊர் ஊருக்கு ரைஸ் மில். சாமை மணி இரண்டு மில்லிமீட்டர் அளவுதான். வழவழப்பான உமி அரிசியை இறுக்கிப் பிடித்திருக்கும். நெல் மில்லில் போட்டால் பாதி அப்படியே வரும், பாதி நொறுங்கும். ஆகவே உரலும் உலக்கையும். குத்து, முறத்தில் புடை, உமி போக மிச்சத்தை மறுபடி குத்து, மறுபடி புடை. கல் பொறுக்கு, நொய் பிரி. ஒரு குடும்பத்தின் சில வேளைச் சோற்றுக்கு மணிக்கணக்கில் உழைப்பு, அதுவும் காட்டு வேலை முடித்து வந்த பெண்ணின் தோளில். ரேஷன் அரிசியை அப்படியே உலையில் போடலாம். அந்தப் பெண்ணிடம் நார்ச்சத்தின் மேன்மையைப் பற்றிப் பேசுவதற்கு என்ன பொருள்? அவர் எடுக்க வேண்டிய முடிவு, இன்று சாயங்காலம் உலக்கை பிடிப்பதா வேண்டாமா என்பது.

பதில், பேச்சாக வரவில்லை, இயந்திரமாக வந்தது. தானியத்தை வேகமாகச் சுழற்றி எறிந்து மோதவைத்து உமியைப் பிளக்கும் சிறிய அரவை இயந்திரங்கள் மலைக் கிராமங்களில் வைக்கப்பட்டன. மகளிர் சுய உதவிக் குழுக்கள் அவற்றை நடத்தின. அதற்குப் பிறகுதான் பேசுவதற்கு விஷயம் வந்தது, அந்த விஷயமும் கேட்டவர்களே கேட்டதாக இருந்தது. தானியம் ஏன் நொறுங்குகிறது? சரியாகக் காயவில்லை. ஏன் சில மணிகள் உமியோடு வருகின்றன? பெரியதும் சிறியதும் கலந்து போட்டால் ஒரே வேகம் இரண்டுக்கும் பொருந்தாது. சல்லடையில் தரம் பிரிக்க வேண்டும். ஈரப்பதம், துகள் அளவு, மோதல் விசை எல்லாமே இயற்பியல்தான். இயந்திரத்தின் முன்னால் நின்று, கையில் நொய்யை வைத்துக்கொண்டு பேசும்போது யாருக்கும் அது பாடமாகத் தெரிவதில்லை.

ரகத் தேர்விலும் இதே முறைதான். ஆராய்ச்சி நிலையத்தில் ஒரு ரகத்தை மதிப்பிடுவது ஹெக்டேருக்கு இத்தனை கிலோ என்று. விவசாயி பார்ப்பது பல கணக்குகளைச் சேர்த்து: தாள் எவ்வளவு, குத்த எளிதா, மழை தள்ளிப்போனால் தாங்குமா, ஊடுபயிராக ஒத்துப்போகுமா, சோறு ருசிக்குமா. இதை வெளியே கொண்டுவரப் பங்கேற்புத் தேர்வு என்று ஒரு முறை இருக்கிறது. ரகங்களைப் பக்கம் பக்கமாக விதைத்து, கதிர் முற்றும் நேரத்தில் விவசாயிகளை அழைத்து நடக்கவிடுவார்கள். பிடித்த ரகத்துக்குக் கொட்டையோ கல்லோ போட்டு மதிப்பிடச் சொல்வது இதில் வழக்கம். ஆண்களும் பெண்களும் தனித்தனியே போடுவது நல்லது. இரண்டு வரிசையும் ஒன்றாக வர வேண்டும் என்று இல்லை. எண்ணிப் பார்த்தால் அங்கேயே புள்ளிவிவரம் தயார். எழுதப் படிக்கத் தெரியாதவரும் அந்த ஆய்வின் முடிவைப் படிக்கலாம், ஏனென்றால் அது தரையில் குவியல்களாகக் கிடக்கிறது. தன் கல் எந்தக் குவியலில் போனது என்று தெரிந்தவர், அந்த ஆய்வை நம்புகிறார்.

கிழங்கை விட்டுவிடு என்று சொல்லாமல், கிழங்கு வரிசைகளின் இடையில் சாமையை ஊடுபயிராக விதைத்துப் பார்க்கலாமே என்று பேசியதும் இதே அக்கறையில்தான். கிழங்கு முளைத்து இலை விரிக்கும் வரை வரிசைகளின் நடுவே வெயில் விழும் நிலம் சும்மா கிடக்கும். குறுகிய காலப் பயிரான சாமை அந்த இடத்தைப் பயன்படுத்திக்கொள்ளும். ஒருவரின் வருமானத்தைக் குறை சொல்லித் தொடங்கும் பேச்சு எவ்வளவு சரியான அறிவியலாக இருந்தாலும் அது வசையாகத்தான் கேட்கும். இருப்பதோடு ஒன்றைச் சேர்ப்பது பற்றிய பேச்சுக்குக் காது திறக்கிறது.

இன்னும் கடினமான ஒரு செய்தி இருக்கிறது: கண்ணால் பார்ப்பதை நம்பாதே என்று சொல்ல வேண்டிய செய்தி. அது கிழங்கிலிருந்தே வந்தது.

2020ல் மரவள்ளி மாவுப்பூச்சி இந்தியாவில் முதலில் கேரளத்தில் கண்டறியப்பட்டு, விரைவிலேயே சேலம், நாமக்கல் வட்டாரக் கிழங்குக் காடுகளுக்கு வந்தது. தென் அமெரிக்காவைச் சேர்ந்த பூச்சி. இதில் ஆணே கிடையாது. எல்லாம் பெண், துணை இல்லாமலே முட்டையிடும். ஒன்று வந்தால் போதும். நுனிக் குருத்தில் சாற்றை உறிஞ்சும்; கணுக்கள் குறுகும், இலைகள் சுருண்டு கொத்தாக நிற்கும். விவசாயி செய்வது மருந்தடிப்பது. மாவும் சுருண்ட இலையும் பூச்சியை மூடிக் காக்கின்றன. மருந்து முழுதாகப் படுவதில்லை.

ஆப்பிரிக்கா இதே பூச்சியை 1970களிலேயே பார்த்துவிட்டது. ஹான்ஸ் ஹெரன் என்ற சுவிட்சர்லாந்து விஞ்ஞானியின் தலைமையில், பராகுவே நாட்டில் இந்தப் பூச்சியைத் தாக்கும் ஒரு மிகச் சிறிய குளவி தேடிக் கண்டுபிடிக்கப்பட்டு, 1981லிருந்து ஆப்பிரிக்காவில் விடப்பட்டது. கோடிக்கணக்கானோரின் உணவைக் காத்த அந்த வேலைக்கு 1995ல் உலக உணவுப் பரிசு கிடைத்தது. அதே குளவியைப் பெங்களூரில் உள்ள தேசிய வேளாண் பூச்சி வளங்கள் நிறுவனம் 2021ல் மேற்கு ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து கொண்டுவந்தது. 2022 மார்ச்சில் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் உள்ள மரவள்ளி ஆராய்ச்சி நிலையத்தில் அது வயலில் விடப்பட்டது.

இப்போது விவசாயியிடம் என்ன சொல்வீர்கள்? ஒரு சிறு பெட்டியில் பூச்சியைக் கொண்டுவந்து, 'இதை உங்கள் காட்டில் விடுகிறோம், நீங்கள் மருந்தடிக்காதீர்கள்' என்று சொல்ல வேண்டும். கடன் வாங்கி நட்ட கிழங்கு கண்ணெதிரே சுருங்கிக்கொண்டிருக்கிறது. 'ஒட்டுண்ணி மூலம் உயிரியல் கட்டுப்பாடு' என்று விளக்கினால் அவர் மரியாதைக்குத் தலையாட்டிவிட்டு மறுநாள் டேங்கைத் தோளில் மாட்டுவார். நான் குறை சொல்ல மாட்டேன்.

பயன்படுவது ஒரு கைலென்ஸும் ஒரு இலையும். குளவி மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டை வைக்கிறது. புழு உள்ளிருந்தே தின்று வளர்கிறது. மாவுப்பூச்சி செத்து, உப்பி, பழுப்பு நிறத்தில் கெட்டியான கூடாகிறது. இரண்டு மூன்று வாரத்தில் புதிய குளவி அதில் வட்டமாக ஓட்டை போட்டு வெளியே வருகிறது. வெறுங்கண்ணுக்கு அந்தச் செத்த கூடும் 'இன்னும் பூச்சி இருக்கிறது' என்றே தெரியும். லென்ஸில் அந்த வட்ட ஓட்டையைப் பார்த்துவிட்டவருக்குக் கதை புரிந்துவிட்டது. பழுப்புக் கூடு கண்டால் மருந்தடிக்காதே. அடித்தால் உள்ளே இருக்கும் உன் ஆளைத்தான் கொல்கிறாய். இதில் உயிரியலின் எதுவும் விடுபடவில்லை. முட்டை, புழு, கூடு, குளவி என்ற முழுச் சுழற்சியும் இருக்கிறது. அவர் எடுக்க வேண்டிய முடிவோடு அது முடிச்சுப் போடப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான்.

கூடவே காலத்தையும் சொல்ல வேண்டும். குளவி விட்ட மறுநாள் பலன் தெரியாது. சில தலைமுறைகள் பெருகித்தான் கட்டுக்குள் வரும். இதை மறைத்தால் இரண்டாம் வாரமே நம்பிக்கை போய்விடும். 2010ல் பப்பாளி மாவுப்பூச்சிக்கு இதே போல வேறொரு குளவியைக் கொண்டுவந்து விட்டதும், அது பலன் தந்ததும் இந்த வட்டாரத்தில் பலருக்கு நினைவிருக்கும். கேட்பவரின் அனுபவத்தில் அப்படி ஒரு பிடி இருந்தால், ஆப்பிரிக்கக் கதையைவிட அதைத்தான் முதலில் எடுப்பேன்.

மலையிலிருந்து இறங்கி நகரத்துக் கடைக்கு வருவோம். சாமை அரிசிப் பொட்டலத்தைக் கையில் எடுப்பவரின் கேள்வி வேறு: இது என் வீட்டில் சர்க்கரை நோய் உள்ளவருக்கு ஆகுமா? இங்கேதான் அறிவியலைச் சொல்பவர்கள் அதிகம் வழுக்குகிறார்கள். விற்க வேண்டும் என்ற ஆசையும் நல்லெண்ணமும் சேர்ந்து 'நோய் தீரும்' என்று எழுதவைக்கின்றன.

ஒரே ஒரு எண்ணை எடுத்துப் பாருங்கள். 1989ல் வந்த இந்திய உணவுகளின் சத்து மதிப்பு நூலில் நூறு கிராம் சாமையில் இரும்புச்சத்து 9.3 மில்லிகிராம் என்று இருக்கிறது. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017ல் புதிதாக அளந்து வெளியிட்ட அட்டவணையில் அது 1.26 மில்லிகிராம். ஏழு மடங்கு வித்தியாசம். எங்கிருந்து எடுத்த மாதிரி, உமி தவிடு எவ்வளவு நீக்கியது, மண் தூசி ஒட்டியிருந்ததா, எந்த முறையில் அளந்தார்கள் என்பவை எல்லாம் இரும்பின் கணக்கை மாற்றக்கூடியவை. பழைய எண்தான் இன்னும் பல பொட்டலங்களிலும் பதிவுகளிலும் சுற்றுகிறது, பெரிதாக இருப்பதால். இரும்புச்சத்து குறைந்த ஒரு கர்ப்பிணி அந்த எண்ணை நம்பி மாத்திரையை விட்டால் அந்தப் பொறுப்பு எழுதியவருடையது.

உண்மையான எண்களிலேயே சொல்வதற்கு நிறைய இருக்கிறது. 2017 அட்டவணைப்படி சாமையில் நார்ச்சத்து 7.7 கிராம், தீட்டிய அரிசியில் 2.8. புரதம் சாமையில் 10 கிராம், அரிசியில் 8. கேழ்வரகில் சுண்ணாம்புச்சத்து 364 மில்லிகிராம், அது அதே எடைப் பசும்பாலைப் போல மூன்று மடங்கு. ஆனால் தானியத்தில் உள்ள பைட்டேட் என்ற சேர்மம் அதில் ஒரு பகுதியைப் பிடித்துக்கொள்ளும் என்பதால் உடலில் சேர்வது அந்த அளவு இல்லை. முளைகட்டினால் பைட்டேட் குறையும். சர்க்கரை நோயாளிக்கு: சாமையும் மாவுச்சத்துதான், அளவு முக்கியம், வெள்ளையாகத் தீட்டாததாகப் பார்த்து வாங்குங்கள், ஏனென்றால் தவிட்டோடு நார்ச்சத்தும் போய்விடும். இந்த மூன்று வாக்கியமும் கடைக்காரருக்குப் பிடிக்காமல் போகலாம். வாங்குகிறவருக்கு வேண்டியவை இவைதான்.

அதிகாரியின் மேசையில் இதே விஷயம் மூன்றாவது உருவம் எடுக்கிறது. அவருக்குச் சாமையின் பெருமை வேண்டாம். எத்தனை டன், எந்த மாதம், யார் அரைப்பது, எத்தனை நாள் கெடாது என்பது வேண்டும். 2013ன் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் அரிசி, கோதுமையோடு சிறுதானியத்தையும் ரேஷனில் தரலாம் என்று இடம் தந்தது. தமிழ்நாட்டில் 2023ல் நீலகிரி, தருமபுரி மாவட்டங்களில் அட்டைக்கு 2 கிலோ அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு தருவது தொடங்கியது. சாமைக்கு அந்த வழி அவ்வளவு நேராக இல்லை. கேழ்வரகுக்கு இறுகிய உமி கிடையாது. அப்படியே மூட்டையில் வைக்கலாம், அப்படியே மாவாக்கலாம். சாமையை உமியோடு கொடுத்தால் வாங்குகிறவருக்கு உலக்கைதான். உமி நீக்கிக் கொடுத்தால் தவிட்டில் உள்ள எண்ணெய் காற்றுப்பட்டுச் சிக்குவாடை அடிக்கும். கிடங்கில் மாதக்கணக்கில் கிடக்காது. மலைப் பெண்ணின் முதுகு வலியாக இருந்த அதே உமி, இங்கே கிடங்குக் கணக்காக நிற்கிறது. சாமைக்காக வாதாடப் போகிறவர், வட்டாரத்திலேயே அரைத்துச் சில வாரங்களில் பள்ளிச் சத்துணவுக்கோ அங்கன்வாடிக்கோ சேர்க்கும் ஏற்பாட்டோடு போக வேண்டும். அந்த உமியின் அறிவியலை அரைப் பக்கத்தில் எழுதத் தெரிந்தவரே அந்த மேசையில் பயன்படுவார்.

பள்ளிப் பிள்ளைகளுக்கு நீட்டி எழுத வேண்டியதில்லை. வீட்டுத் தொம்பையிலிருந்து நூறு சாமை மணியை எண்ணி எடுத்து, ஈரத் துணியில் சுருட்டி நிழலில் வைக்கச் சொல்லுங்கள். ஒரு வாரத்தில் பிரித்து முளைத்தவற்றை எண்ணினால் அந்த விதையின் முளைப்புத் திறன் சதவீதத்தில் கிடைத்துவிடும். பக்கத்து வீட்டு விதையோடு ஒப்பிட்டால் சேமிப்பு முறை பற்றிய விவாதம் தானே தொடங்கும். அதில் பாட்டிதான் ஆசிரியர்.

கேட்கும் காதுக்கு எட்டும் ஊடகமும் முக்கியம். 1998ல் சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரிக் கிராமங்களில் தகவல் மையங்கள் தொடங்கியபோது, வீராம்பட்டினம் மீனவர்களுக்கு வேண்டியது மறுநாள் அலை எவ்வளவு உயரம் என்பது. அமெரிக்கக் கடற்படை இணையத்தில் வெளியிட்ட அலை உயரக் கணிப்பை எடுத்து, தமிழாக்கி, ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். வலை பின்னிக்கொண்டே காதில் வாங்கலாம். 2004 டிசம்பர் 26 அன்று நல்லவாடு கிராமத்தில் சுனாமிக்கு முன் மக்களை வெளியேறச் சொன்னதும் அப்படி ஒரு ஒலிபெருக்கிதான். சிங்கப்பூரில் வேலை செய்த ஊர்க்காரர் செய்தி பார்த்துவிட்டு வீட்டுக்குத் தொலைபேசியில் சொன்னார். மையத்தில் இருந்த கருவி அதை ஊர் முழுக்கக் கொண்டுபோனது. தினமும் அலை சொல்லிப் பழகிய குரல் என்பதால், ஓடு என்றதும் ஓடினார்கள்.

சொன்னது புரிந்ததா என்று சோதிக்க மருத்துவமனைகளில் ஒரு நல்ல வழக்கம் உண்டு. 'புரிந்ததா?' என்று கேட்டால் எல்லோரும் 'புரிந்தது' என்பார்கள். 'வீட்டுக்குப் போய் உங்கள் அம்மாவிடம் இதை எப்படிச் சொல்வீர்கள்?' என்று கேட்க வேண்டும். வயலிலும் இது செல்லும். 'அண்ணா, நாளைக்குப் பக்கத்துக் காட்டுக்காரர் ஏன் மருந்தடிக்கவில்லை என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்?' அவர் சொல்லும் பதிலில் எங்கே ஓட்டை இருக்கிறதோ, அங்கேதான் நாம் சரியாகச் சொல்லவில்லை.

இதுவரை பேசியது மேலிருந்து கீழே வரும் செய்தி. கீழிருந்து மேலே போகும் செய்திக்கும் இதே உழைப்பு வேண்டும், அதற்குப் பயிற்சி தருபவர்கள் மிகக் குறைவு. பயிர் ரகப் பாதுகாப்பு, விவசாயிகள் உரிமைச் சட்டம் 2001ல் இயற்றப்பட்டது. விவசாயிகள் தங்கள் பாரம்பரிய ரகத்தைத் தங்கள் பெயரில் பதிவு செய்ய அது வழி தருகிறது, கட்டணமும் இல்லை. ஆனால் பதிவுக்கு அந்த ரகம் மற்றவற்றிலிருந்து வேறுபட்டது, சீரானது, நிலையானது என்று காட்ட வேண்டும். செடியின் உயரம், கதிரின் வடிவம், பூக்கும் நாள், மணியின் நிறம் என்று அளவுகளில் எழுத வேண்டும். கட்டவெட்டிச் சாமையைக் கதிரைப் பார்த்தவுடனே சொல்லிவிடும் ஒரு மலைப் பெண்ணிடம் அந்த அறிவு முழுதாக இருக்கிறது. படிவத்தின் மொழியில் இல்லை. அவரோடு காட்டில் நின்று, எதைப் பார்த்து அடையாளம் சொல்கிறீர்கள் என்று கேட்டு, அவர் தொட்டுக் காட்டும் இடத்தை அளந்து எழுத ஒருவர் வேண்டும். எளிதாகக் குத்தலாம், மழை தள்ளினாலும் தாங்கும், மாட்டுக்குத் தாள் பிடிக்கும் என்று அவர் சொல்லும் குணங்கள் உருவ அளவுகளுக்குள் அடங்காது. அவற்றையும் விடாமல் எழுதி, படிவத்தோடு இணைத்து அனுப்ப வேண்டும்.